மை வைத்த படம்

என் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் வலி இருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பெரியம்மாவைத் தவிர வேறு யாருக்கும் கடிதம் எழுதினதில்லை. நான் எழுத உட்கார்ந்தால் நீ முழங்கையில் வந்து தொங்குவாய். "என் பேரு எங்க இருக்கு? காட்டு" என்பாய். காட்டினால் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்ப்பாய். அதனால் நான் எழுதின கடிதங்களில் எல்லாம் உன் பேர் வருகிற இடம் கலங்கித்தான் இருக்கிறது.

அந்தக் கடிதங்களைப் பெரியம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் எழுதினவை என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் தேதி பார்த்து அடுக்கிக் கட்டப் போகிறேன். எல்லாம் உன்னைப் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் மேலே இது இருக்கட்டும்.

அம்மா

*

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தைலம் தேய்க்கிறாயா, இல்லை அதற்கும் சோம்பலா?

வாலுவுக்கு மூன்று வயது முடிந்தது. ஸ்டுடியோ முதலாளியே படம் எடுத்துக் கொடுத்தார். உள்ளே வைத்திருக்கிறேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. நெகட்டிவில் தூசி இருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய தூரிகையில் மை தொட்டு அதை மூடுவதுதான் என் வேலை. டச்சிங் என்பார்கள். மூடின புள்ளியை நானே திரும்பத் தேடினாலும் கிடைக்காது. "உன் கை பட்டா அம்மைத் தழும்புகூட ஓடிப்போயிடும்மா" என்கிறார் முதலாளி. வாலு படத்தையும் நானே சுத்தம் செய்தேன். பளிச்சென்று இருக்கிறதா?

இவள் பண்ணுகிற சேட்டை சொல்லி மாளாது. புதிதாக ஒரு விளையாட்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு "அம்மா காணோம்!" என்று கத்துவாள். கையை எடுத்துவிட்டு "அம்மா வந்தாச்சு!" என்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை நான் காணாமல் போய்த் திரும்பி வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் என்னை விட்டுப் போகாது. நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று படித்ததே எனக்குத் தைலம்.

படம் வந்தது. மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம் பிள்ளை. வார்டில் துணி அடுக்குகிற அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். படுக்கை விரிப்பு எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். நர்ஸ் பெண்கள் "யாரு ஆயாம்மா, உங்க பேத்தியா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா, நீயே சொல்.

ஒரு கண்ணைப் பொத்தினால் அம்மா எப்படிக் காணாமல் போவாள்? இரண்டையும் பொத்த வேண்டாமா? ஏமாற்றுக்காரி என்று பெரியம்மா சொன்னதாக அவளிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு வெயில் காலம் இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் இவருக்கும் ஒன்றுமில்லை. இவர் லோடு ஏற்றும் வேலைக்கு வெளியூர் போய்ப் போய் வருகிறார்.

வாலுவுக்கு இடது கண் கொஞ்சம் மூக்குப் பக்கம் ஓடுகிறது. முதலில் விளையாட்டுக்குப் பண்ணுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அப்புறம் தூங்கி எழுந்தவுடனேயும் அப்படித்தான் இருந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் அம்மா சொட்டு மருந்து கொடுத்து "வளர வளர நேராயிடும்" என்றார். கண் டாக்டர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காருவார். போன வாரம் வந்தார். வயதானவர்கள் வரிசை வாசல் வரைக்கும். எங்கள் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. "எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைய எப்படிம்மா சோதிக்கிறது? அஞ்சு வயசாகட்டும், கூட்டிட்டு வா" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவள் மேசையில் இருந்த டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வரிசையே சிரித்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டே அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

உன் ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டுப் பார். இன்னொன்றும் எழுத நினைத்தேன். ஒன்றுமில்லை, விடு.

உன் தங்கை

*

மே 6

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். நீ பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

எங்கள் வார்டுக்கு வருகிற கண் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அவர் நின்று பேசுகிற ஆள் இல்லை. நான் துணிக் கூடையோடு பின்னாலேயே நடந்தேன். "படம் ஏதாவது இருக்கா ஆயாம்மா?" என்றார். அலமாரியிலிருந்து பிய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை, அப்புறம் இன்னொரு கண்ணை. "ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. சாதாரண மாறுகண்ணா இருக்கும், கண்ணாடி போட்டா சரியாயிடும். வசதிப்படும்போது கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒன்றரை நாள் பயணம், இந்த வெயிலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வராதே. மழை முடியட்டும்.

கண்ணாடி போட்ட வாலுவை நினைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பாள். உன்னை மிரட்டப் போகிறாள்.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். உன் கடிதத்தை ஸ்டுடியோவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார் என்று இவரிடமும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன், நீதான் ஆடுற" என்றார். சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. இனிமேல் வாங்கவில்லை. மழை முடிந்ததும் வருகிறோம்.

இதோடு தனித் தாளில் கோடு கோடாக இருப்பது வாலு உனக்கு எழுதின கடிதம். என்ன எழுதினாய் என்று கேட்டால் "பெரியம்மாவுக்குத் தெரியும்" என்கிறாள். முழங்காலைக் கவனி.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 11

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஸ்டுடியோவில் வேலை நெருக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

நேற்று ஒரு பெண் வந்தாள். இரண்டு வயதுப் பையன், பால் முகம். கண்ணில் புற்றுநோயாம். பிள்ளைகளுக்குக் கண்ணில்கூட அது வரும் என்று இத்தனை வருஷம் வார்டு கூட்டுகிற எனக்கே சரியாகத் தெரியாது. அந்தப் பெண் கையில் ஒரு படம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பையனின் ஒரு கண் கறுப்பு, இன்னொரு கண்ணின் நடுவில் வெள்ளை. "இத ஒருத்தர்கூட கவனிக்கல, இவங்க கவனிச்சாங்க. சீக்கிரம் வந்ததால புள்ள பொழைச்சான்" என்றார் டாக்டர் அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க தங்கச்சி பொண்ணு படத்துலயும் நான் இதைத்தான் தேடினேன் ஆயாம்மா" என்றார்.

படத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். நல்லவேளை, நம் வாலு படத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மழை குறைகிறது. எப்போது வருகிறீர்கள்?

அக்கா

*

செப்டம்பர் 19

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். செவ்வாய் காலை அங்கே இருப்போம். டாக்டர் அம்மா அன்றைக்கு இருப்பாரா என்று பார்த்து வை.

உன் கடிதம் வந்த மறுநாளே வாலுவை மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரவில்லை. பத்து நாள் கழித்துப் போனேன். புதியவர் இருந்தார். கண்ணின் பின்பக்கம் பார்க்கிற கருவி பெட்டியிலிருந்து இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. பிள்ளையை மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்துத்தான் பார்க்க முடியுமாம், மயக்க மருந்து டாக்டர் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டாராம். கண்புரையாக இருக்கலாம் என்று ஒரு சீட்டு எழுதினார். சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள். சீட்டில் முத்திரை வைக்கிறவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்கு இரண்டு தடவை போனேன்.

இப்போது கண் சிவந்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. ராத்திரியெல்லாம் முனகுகிறாள். விளையாடுவதில்லை.

ஏன் இப்படித் திடீரென்று ஓடுகிறேன் என்று நீ கேட்பாய். கேட்காதே.

தங்கை

*

மார்ச் 8

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. ஊர் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிடுகிறாயா? நீ ரயில் ஏறி இருபது நாள் ஆகிறது. ஐந்து மாதம் இந்த வார்டில் என் பக்கத்திலேயே படுத்திருந்தாய், இப்போது உன் பாயை மடித்து வைத்துவிட்டு நான் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வாலு போனபிறகு நான் அங்கே நிற்க முடியாமல் வேறு வேலை கேட்டேன். இப்போது துணி வெளுக்கிற இடத்தில் இருக்கிறேன். அங்கே பிள்ளைகள் சத்தம் கேட்பதில்லை.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன். கண்ணை எடுத்த அன்றைக்கு டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா கண்ணு மட்டும்தான் போயிருக்கும், தலைக்கு ஏறியிருக்காது" என்றார். அப்போது நான்தானே மழை முடியட்டும் என்று எழுதினேன்? படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினதற்குப் பதிலாக, கூட்டிக்கொண்டு வாடி என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பெரியம்மா என்று கூப்பிட்ட பிள்ளையை நானே தடுத்து நிறுத்திவிட்டேன். நீ என்னைத் திட்டினால்கூட எனக்கு நிம்மதி. நீ ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறினாய். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீ அழாதே. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறினது உன்மேல் கோபத்தினால் இல்லை. இதை எழுத மூன்று வாரம் ஆகிறது. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து.

அந்தப் படத்தில் வெள்ளை இருந்தது அக்கா.

கழுவி எடுத்து என் மேசைக்கு வந்தபோது இடது கண்ணின் நடுவில் இருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கக்கூட இல்லை. தினமும் அப்படி எத்தனை மூடுகிறேன். தூரிகையில் மை தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே தொடலில் மூடினேன். வாலு பக்கத்தில் நின்று மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பாப்பா கண்ணுல மை போடுறியா?" என்றாள். ஆமாம் என்றேன். சுத்தமாக வந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

டாக்டர் அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தது வாலுவின் கண்ணை இல்லை. என் மையை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரலில் எழுத நினைத்து எழுதாமல் விட்டது அதுதான். சாயங்காலம் வாசல் வெளிச்சத்தில் அவள் திரும்பினால் அந்தக் கண் பூனைக் கண் மாதிரி மினுங்கும். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு "இதென்னடி புள்ளைக்கு இப்படி?" என்று முகத்தைச் சுளித்தாள். பெண் பிள்ளை, வெளியே பேச்சாகிவிடும் என்று உனக்குக்கூட எழுதவில்லை.

ஆகஸ்டில் உன் கடிதம் வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்தேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். ஊசி முனை மாதிரி இருந்தது. அன்றைக்கே உனக்கு ஒரு வரி போட்டிருந்தால் சீட்டும் வேண்டாம் முத்திரையும் வேண்டாம், ஓடி வா என்று சொல்லியிருப்பாய். படத்தைப் பற்றி எழுதாமல் வருவதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றுமே எழுதாமல் ஐந்து வாரம் முத்திரைக்கு அலைந்தேன்.

ஐந்து மாதம் உன் பக்கத்தில் படுத்திருந்தேன். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். நீ அவளுக்குத் தலை துடைத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது சொல்லிவிட்டேன். நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தங்கை

*

ஜூலை 2

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. எழுத உட்காரவே பிடிக்கவில்லை.

முதலில் நான் நம்பவில்லை. என் தவறைக் குறைக்க நீ கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். போன மாதம் அந்தப் படத்தை எடுத்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, கண்ணின்மேல் மெதுவாகத் துடைத்தேன். வந்துவிட்டது. நொய்யரிசி அளவுக்கு வெள்ளை. நீ நல்ல வேலைக்காரிதான்.

டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. "படத்தைப் பார்த்து நான் சொல்லியிருக்கக் கூடாது ஆயாம்மா" என்றார். படம் வேண்டும் என்று கேட்டார். புதிதாக வருகிற டாக்டர்களுக்குக் காட்டி, படத்தை நம்பாதீர்கள், பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறாராம். கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

உன் கடிதங்களை இதோடு அனுப்புகிறேன். எறிய மனம் வரவில்லை, பெட்டியில் வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. வாலு கிறுக்கின தாளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு எழுதினது.

கொஞ்ச நாள் போகட்டும். நீ எனக்கு எழுதாதே. நானாக எழுதுகிறேன்.

சாப்பிடு.

*

வாலு,

அடுக்கிவிட்டேன். இந்தத் தாள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும்.

பெரியம்மா கையெழுத்துப் போடவில்லை, பார்த்தாயா? ஆனால் சாப்பிடு என்று எழுதியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

ஸ்டுடியோவுக்குப் போகிறேன். முகத்தில் விழுந்த புள்ளியை மூடுகிறேன், சட்டையில் விழுந்ததை மூடுகிறேன். பிள்ளைகள் கண்ணில் மட்டும் தூரிகை வைப்பதில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நேற்று ஒரு பெண்ணின் கைக்குழந்தைப் படம் வந்தது. வலது கண்ணில் வெள்ளை. அப்படியே கொடுத்தேன். "இதைச் சரி பண்ணித் தர மாட்டீங்களா?" என்றாள். "பண்ண மாட்டேம்மா, புள்ளையைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன். "என் புள்ளை கண்ணைப் பத்தி நீ என்ன பேசுற? போட்டோ எடுக்கிறவங்க போட்டோவைப் பாருங்க" என்று கத்திவிட்டு, படத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவுக்குப் போனாள். அங்கே டச்சிங் பண்ணுகிறவன் என்னைவிட வேகம். செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். அந்த ஸ்டுடியோக்காரனிடம் கெஞ்சி அவள் வீடு எங்கே என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவேன். கதவைச் சாத்தினால் திங்கட்கிழமையும் போவேன்.

கடிதங்களை அடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தேன். முதல் கடிதத்தில் உன் விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். பெரியம்மாவும் கேலி பண்ணியிருக்கிறாள், ஒரு கண்ணைப் பொத்தினால் அம்மா எப்படிக் காணாமல் போவாள் என்று. எந்தக் கண் என்று நான் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் உன் கை தெரிகிறது. குட்டி உள்ளங்கை, விரலிடுக்கில் மண். ஒவ்வொரு தடவையும் நீ பொத்தினது வலது கண்ணைத்தான். நல்ல கண்ணை. பொத்திக்கொண்டு, அந்த இன்னொரு கண்ணால் நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு "அம்மா காணோம்!" என்று கத்துவாய். நான் உன் முன்னால், ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்துதானே இருந்தேன்.

அது விளையாட்டா வாலு, இல்லை உனக்கு நிஜமாகவே அம்மாவைக் காணோமா?